சக்கர நாற்காலியோடு வாடகை வீடு: திருகோணமலைத் தரகர் ஒருவரின் சேவை எப்படி இருந்தது?

திருகோணமலை நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் வாடகை வீடு பிடித்துத் தரும் தரகர் ஒருவரிடம் போன வருடம் வீடு தேடினேன். தனி ஆளாகத் தொழில் செய்கிறார். மத்திய வீதிப் பக்கம் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, இரண்டு போன், வட்ஸ்அப் நிறைய வீட்டுப் படங்கள். பெயரை எழுதவில்லை. நான் இங்கே குறையாகச் சொல்லப்போவதில் பாதி இந்த ஊர்த் தரகர்கள் எல்லாருக்குமே பொருந்தும், அவரை மட்டும் பிடித்து நிறுத்துவது நியாயமில்லை.

வீதி விபத்து ஒன்றில் முள்ளந்தண்டு அடிபட்டதில் இருந்து நான் சக்கர நாற்காலியில்தான். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். மூதூர்ப் பக்கத்துக் கிளிவெட்டிதான் எங்கள் ஊர். நகரத்தில் கடைகளுக்குக் கணக்கு எழுதும் அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு எங்கள் பக்கத்துச் சனம் காலையில் பஸ் ஏறி நகரத்துக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறது. எனக்கு அந்த வழி இல்லை. நாற்காலியோடு ஏறக்கூடிய பஸ் இந்தப் பாதையில் ஓடுவதில்லை. ஆகவே வீட்டையே நகரத்துக்கு மாற்ற வேண்டும். சம்பளம் 65,000 ரூபா. வாடகைக்கு 30,000க்கு மேல் போக முடியாது.

வீடு கிடைத்தது, இப்போது அந்த வீட்டில் இருந்துதான் எழுதுகிறேன். ஆனாலும் இந்தச் சேவைக்கு ஐந்துக்கு மூன்றுதான் கொடுப்பேன். ஏன் என்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நடைமுறை இதுதான்: வீடு சரிவந்தால் ஒரு மாத வாடகை அவருக்குக் கமிஷன். பார்க்கப் போகும் ஓட்டோக் காசு நம்முடையது. வீடு காட்டுவதற்கே தனியாகக் காசு கேட்கும் தரகர்களும் இருக்கிறார்கள், இவர் கேட்கவில்லை. சொன்ன நேரத்துக்கு வருவார். போன் எடுப்பார். இந்த விடயங்களில் எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை.

முதல் நாள் போனில் அவர் கேட்டவை இன்னும் அப்படியே நினைவில் இருக்கின்றன. "எத்தனை பேர் பிள்ளை? சைவமா வேதமா? சொந்த இடம் எது? அரச உத்தியோகமா? கலியாணம் முடிச்சதா?" வேதம் என்றால் இங்கே கிறிஸ்தவம். சக்கர நாற்காலி பாவிக்கிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். "அப்ப கீழ் வீடு வேணும், அவ்வளவுதானே" என்றார்.

அவ்வளவு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முற்றத்தில் தண்ணீர் நிற்கிற ஊர் இது. பழைய வீடுகளை அத்திவாரம் உயர்த்தித்தான் கட்டியிருக்கிறார்கள். விறாந்தைக்கு ஏற இரண்டு படி, அங்கிருந்து மண்டபத்துக்கு ஒரு படி, குசினிக்கு ஒரு படி இறக்கம். குளியலறைத் தண்ணீர் வெளியே வராமல் வாசலில் ஒரு கட்டு. இன்னும் பழைய வீடென்றால் கக்கூஸ் வளவின் பின்மூலையில், கிணற்றடியையும் தாண்டி இருக்கும். மழையையும் சுத்தத்தையும் யோசித்துக் கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஓர் அங்குல உயரம் ஏற 12 அங்குல நீளம் என்பதுதான் சாய்தளத்துக்குப் பல நாடுகளிலும் பாவிக்கிற கணக்கு. ஏழு அங்குலப் படி ஒன்றுக்கு ஏழு அடி. இரண்டு படிக்கு 14 அடி. சின்ன வளவில் 14 அடி போட்டால் கேற்றுக்கு வெளியே போய்விடும்.

புதிய வீடுகளில் வேறு சிக்கல். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து அனுப்பும் காசில் மேல்மாடி கட்டுகிறார்கள். தாய் தகப்பன் கீழே இருக்க, மேல்மாடி வாடகைக்கு வருகிறது. முழங்கால் வருத்தத்தோடு இருக்கிற வயதானவர்கள் கீழே இருப்பதுதான் சரி. ஆனால் நகரத்துக்குள் என் கைக்கு எட்டிய வாடகையில் வந்த வீடுகளில் பெரும்பாலானவை இப்படி மாடிப்படிக்கு மேலேதான் இருந்தன.

அப்புறம் கதவு. என் நாற்காலி 25 அங்குல அகலம். சில்லைத் தள்ளும் கைகளுக்கும் இடம் வேண்டும், கதவு திறந்த பிறகு 32 அங்குலமாவது வெளியாக இருந்தால்தான் தோல் உரியாமல் போய்வரலாம். இங்கே குளியலறைக் கதவு நிலையோடு சேர்த்தே 27, 28 அங்குலம்தான் வைப்பார்கள். உள்ளே நாற்காலியைத் திருப்ப ஐந்தடி வட்டம் வேண்டும். இவ்வளவையும் வட்ஸ்அப்பில் எழுதி அவருக்கு அனுப்பினேன். அம்மா கடையில் ஓர் அளவு நாடா வாங்கி, "தம்பி, போற இடத்தில ஒருக்கா பிடிச்சுப் பாருங்கோ" என்று கையிலேயே கொடுத்தார். அது நெடுநாளாகத் தரகருடைய மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்தான் கிடந்தது. என் மூன்று புள்ளிக்கு முதல் காரணம் இதுதான். வாடகை எவ்வளவு, தண்ணீர் குழாயா கிணறா, மின்மானி தனியா என்று எல்லாவற்றையும் நுணுக்கமாகக் கேட்டு வைக்கிற மனிதர், கதவு எத்தனை அங்குலம் என்று மட்டும் கேட்கவில்லை. அளந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். அளக்காமல் விட்டதால் நானும் அம்மாவும் ஓட்டோ பிடித்து, நாற்காலியை மடித்துப் பின்னால் ஏற்றி, போய் இறங்கி, வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். அவர் அனுப்பும் படங்களாலும் பிரயோசனம் இல்லை. மண்டபத்து டைல்ஸ் நன்றாகத் தெரியும். வாசல் படி எந்தப் படத்திலும் விழாது.

உவர்மலையில் ஒரு வீடு காட்டினார். அமைதியான இடம், அலுவலகத்துக்குக் கிட்ட, உள்ளே தரை முழுக்க ஒரே மட்டம், வாடகை 30,000. ஆனால் கேற்றில் இருந்து வாசல் வரை கார் ஏறும் சரிவு. கீழே இறங்கும்போது அம்மாவின் பிடி நழுவப் பார்த்தது, தரகர்தான் ஓடிவந்து பிடித்தார். அந்த வீட்டை ஏற்கனவே இன்னொரு குடும்பத்துக்குப் பிடித்துக் கொடுத்தவர் அவர். சரிவு இருப்பது அவருக்குத் தெரியும்.

அன்புவழிபுரத்தில் 18,000க்கு ஒரு வீடு. இரண்டு அறை, நல்ல காற்று, மாமர நிழல். கக்கூஸ் வெளியே, மூன்று படி ஏறி. வீட்டுக்கார அண்ணை உண்மையிலேயே நல்ல மனிதர். "பயப்பிடாதேங்கோ தங்கச்சி, நான் இல்லாட்டி என்ர மகன் நிப்பான், தூக்கி விடுவம்" என்றார். அவருடைய மனதுக்கு நன்றி சொன்னேன். ஆனால் வாடகை கொடுத்து இருக்கும் வீட்டில் ஒவ்வொரு முறையும் கக்கூஸுக்குப் போக இன்னொருவர் வந்து தூக்கும் வரை காத்திருக்க என்னால் முடியாது. யாராலும் முடியாது. தரகருக்கு இது விளங்கவில்லை. "அவையளே உதவி செய்யிறம் எண்டு சொல்லீனம் பிள்ளை, பிறகென்ன" என்று கொஞ்சம் கோபித்துக்கொண்டார்.

உப்புவெளி வீட்டைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பிரதான வீதியில் இருந்து கடற்கரைக்குப் போகிற ஒழுங்கை ஒன்றில், புதிதாகக் கட்டிய தனி வீடு. வாசலில் படியே இல்லை. கதவுகள் எல்லாம் மூன்றடி. குளியலறையில் தரை மட்டத்திலேயே குளிக்கும் இடம், கொமோட்டுக்குப் பக்கத்தில் பிடித்து எழும்ப இரும்புக் கம்பி. நான் யாருடைய உதவியும் இல்லாமல் உள்ளே போய், கதவைச் சாத்தி, திரும்பி வெளியே வந்தேன். அம்மா மண்டபத்தில் நின்று அழுதுவிட்டார். வாடகை 80,000. அதுவும் பங்குனி முடியும் வரைதான். பிறகு சீசன் தொடங்கிவிடும். கிழக்குக் கரையில் கடல் அமைதியாகும் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை வெள்ளைக்காரருக்கும் கொழும்பில் இருந்து வருபவர்களுக்கும் நாள் கணக்கில் கொடுப்பார்கள். வயதான வெளிநாட்டுப் பயணிகளை நினைத்துத்தான் அந்தக் கம்பியைப் போட்டதாக வீட்டுக்காரரே சொன்னார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், பிறகு கொரோனா, பிறகு 2022 பொருளாதார நெருக்கடி என்று சீசனை நம்பி இருந்தவர்கள் அடுத்தடுத்துப் பட்டது எல்லாருக்கும் தெரியும். கடனைக் கட்ட அவருக்கு அந்த ஆறு மாதம் வேண்டும். ஆனால் ஒரு விடயம் அங்கே எனக்குத் தெளிவாக விளங்கியது. நாற்காலி போகிற மாதிரி வீடு கட்ட எங்கள் மேசன்மாருக்கு நன்றாகவே தெரியும். சாமான் இருக்கிறது, கை இருக்கிறது, செலவும் பெரிதாகக் கூடாது. மூன்று இரவு தங்க வருபவருக்காக அதைச் செய்கிறோம், மூன்று வருடம் இருக்கப்போகிறவருக்காகச் செய்வதில்லை.

இனி வீட்டுக்காரர்கள். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்லுறம்" என்றார்கள். "தங்கச்சியின்ர மகன் வெளிநாட்டால வாறான், அவனுக்குத் தேவைப்படும்" என்றார்கள். பாலையூற்றில் ஒரு அம்மா நாற்காலிச் சில்லைப் பார்த்துவிட்டு டைல்ஸ் கீறும் என்றார். லிங்கநகரில் ஒருவர், ஆண் துணை இல்லாமல் இரண்டு பெண்கள் இருந்தால் தனக்குப் பொறுப்புக் கூடும் என்றார். வேறொருவர் நான் கேட்கிறேன் என்றே பார்க்காமல் தரகரிடம், "நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒண்டு நடந்தா நாங்கள்தானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேணும்" என்றார். அரச உத்தியோகம் இல்லை என்பதற்காகவே இரண்டாவது கேள்வி கேட்காமல் போனை வைத்தவர்களும் உண்டு.

இந்த இடத்தில் தரகரின் பங்கு பெரியது, இரண்டு பக்கத்துக்கும். வீட்டுக்காரர் வாயால் சொல்லாததை அவர்தான் முன்கூட்டியே கேட்டு வடிகட்டுகிறார். சைவமா வேதமா என்ற கேள்வி அவருடைய சொந்த விருப்பத்தில் வந்தது இல்லை; கோயிலடி வீடு, மீன் இறைச்சி சமைக்கக் கூடாது என்று சொல்பவர் இருக்கிறார், முஸ்லிம்களுக்குக் கொடுக்க மாட்டேன் என்பவர் இருக்கிறார், தமிழருக்குக் கொடுக்க மாட்டேன் என்பவரும் இருக்கிறார். மூன்று இனமும் கலந்து வாழும் மாவட்டத்தில் வீட்டு வாடகை மட்டும் இன்னும் தெருத் தெருவாகப் பிரிந்துதான் கிடக்கிறது. "நான் கேக்காட்டி அங்க போய் நிண்டு நீங்கள்தான் அவமானப்பட வேணும் பிள்ளை" என்று அவர் சொன்னது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டு வைக்கும் வரைக்கும் வீட்டுக்காரர் தன் காரணத்தை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லத் தேவை வராது.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரையில் மூன்றாவது பிரிவு, இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாக ஒருவரைக் கடை, பொது உணவகம், ஹோட்டல், பொழுதுபோக்கு இடம், தன் மதத்து வழிபாட்டிடம் ஆகியவற்றுக்குள் போகவிடாமல் தடுக்கக்கூடாது என்கிறது. அந்த வரிசையில் வாடகை வீடு இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைக்கு எடுப்பதிலும் கல்வி நிலையத்தில் சேர்ப்பதிலும் பாகுபாடு கூடாது என்கிறது. பொதுமக்கள் போய்வரும் கட்டடங்களில் எங்களைத் தடுக்கக்கூடாது என்கிறது. 2006இல் அணுகல் வசதிகளுக்கான ஒழுங்குவிதிகள் வந்தன, 2011இல் உயர் நீதிமன்றம் அவற்றைப் பின்பற்றச் சொல்லி உத்தரவிட்டது. நகரத்தில் வங்கி வாசலில் சாய்தளம் கண்டு நாங்கள் சந்தோசப்படுவது இதனால்தான். வங்கிக்குப் போய்க் காசு எடுக்கலாம். அந்தக் காசைக் கொடுத்து இருக்கப்போகும் வீட்டின் வாசலுக்கு இவற்றில் எதுவும் வருவதில்லை.

அமெரிக்காவில், வாஷிங்டனுக்குப் பக்கத்தில், மேரிலாந்து மாநிலத்து மொன்ற்கொமறி கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) என் மச்சாள் ஒருத்தி இருக்கிறாள். அவளோடு இதைப் பேசியபோது அங்குள்ள நிலைமையைச் சொன்னாள். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாடு கூடாது என்று 1968இலேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. 1988இல் அதில் மாற்றுத்திறனாளிகளையும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களையும் சேர்த்தார்கள். 1991 மார்ச் 13க்குப் பிறகு குடியேறிய கட்டடங்களில், நான்கு வீடோ அதற்கு மேலோ இருந்தால், கீழ்த்தளத்து வீடுகளின் கதவு நாற்காலி போகும் அகலத்தில் இருக்க வேண்டும். சுவிட்ச் கைக்கு எட்ட வேண்டும். பின்னாளில் கம்பி பூட்டத் தோதாகக் குளியலறைச் சுவரைக் கட்டும்போதே பலப்படுத்தி வைக்க வேண்டும். அவளுடைய கவுண்டியில் பெரிய குடியிருப்புத் திட்டம் கட்டுபவர் அதில் ஒரு பங்கை வருமானம் குறைந்தவர்களுக்கு எட்டும் விலையில் ஒதுக்க வேண்டும் என்று 1970களில் இருந்தே விதி உண்டு. வாடகைக்கு அரசாங்க உதவிக் காசு வருகிறது என்பதற்காக ஒருவரை மறுக்கக்கூடாது என்று மேரிலாந்து 2020இல் சட்டம் போட்டது. இவ்வளவு இருந்தும் அங்கே காத்திருப்புப் பட்டியல் நீளம்தான் என்கிறாள். பெரிய பெரிய காணியில் ஒற்றை வீடு மட்டும் கட்டலாம் என்று ஒதுக்கிய பகுதிகளில் குறைந்த வாடகைக்கு எதுவும் எழும்புவதில்லை. சொந்தக்காரரே குடியிருக்கிற, நான்கு வீட்டுக்கு மேற்படாத சின்னக் கட்டடங்களுக்கு அந்த 1968 சட்டத்தில் பெரும்பாலும் விலக்கும் உண்டாம். வீட்டுக்காரர் தன் வீட்டோடு சேர்த்து வாடகைக்கு விடும் எங்கள் ஊர் அனெக்ஸ் எல்லாம் அந்த விலக்குக்குள்தான் விழும். ஆனால் அவள் சொன்னதில் ஒன்றை நான் பிடித்துக்கொண்டேன். நியாயமான மாற்றத்தை வாடகைக்காரர் தன் காசில் செய்ய வீட்டுக்காரர் விட வேண்டும். போகும்போது பழையபடி ஆக்கித் தரச் சொல்லலாம். இங்கே சட்டம் இல்லாவிட்டாலும் ஒப்பந்தத்தில் இப்படி எழுதிக்கொள்ள யார் தடுக்கப் போகிறார்கள்?

தூரத்தையும் சொல்ல வேண்டும். வாடகை கூடிப்போச்சு என்றால் தரகர்கள் உடனே நிலாவெளிப் பக்கம், கன்னியாப் பக்கம் என்று வெளியே கையைக் காட்டுவார்கள். பஸ் ஏறக்கூடியவருக்கு அது நல்ல யோசனைதான். எனக்கு ஒவ்வொரு கிலோமீற்றரும் ஓட்டோக் காசு. வாடகையில் 8,000 மிச்சம் பிடித்துக்கொண்டு ஓட்டோவுக்கு 15,000 கொடுத்தால் அந்த வீடு மலிவான வீடு இல்லை. இதை ஒரு தாளில் கூட்டிக் கழித்துக் காட்டிய பிறகு தரகர் தூர இடங்களைச் சொல்வதை விட்டுவிட்டார். கேட்கக்கூடிய மனிதர் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கடைசியில் கிடைத்தது அலஸ்தோட்டத்தில் ஒரு அனெக்ஸ், 28,000. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முன் வீட்டில் இருக்கிறார், பக்கத்தில் இருந்த கார் கராஜை இரண்டு அறையாக மாற்றி வாடகைக்கு விட்டிருக்கிறார். கராஜ் என்பதால் தரை நிலத்தோடு நிலம், வாசல் அகலம். கார் போன இடத்தில் என் நாற்காலி போகாதா? இதைப் பார்த்த பிறகுதான் தரகருக்கும் பொறி தட்டியது. அன்றைக்கு முதல் முறையாக அளவு நாடாவை எடுத்து அவரே குளியலறைக் கதவை அளந்தார். 26 அங்குலம். "அன்ரி, இந்த நிலையைக் கழட்டினா நாலைஞ்சு அங்குலம் வரும், மடிப்புக் கதவு போடலாம்" என்று அவரே பேசினார். அதற்கு அன்ரி சம்மதித்தார். சுவரில் கம்பி பூட்டத்தான் தயங்கினார், டைல்ஸ் வெடிக்கும் என்று பயம். மச்சாள் சொன்னதை அப்படியே சொன்னேன்: என் காசில் செய்கிறேன், டைல்ஸ் வெடித்தால் மாற்றித் தருகிறேன், போகும்போது பழையபடி ஆக்கித் தருகிறேன், இதை ஒப்பந்தத்திலேயே எழுதுவோம். தரகர் வழக்கமாகக் கொண்டுவரும் ரைப் அடித்த ஒற்றைத் தாள் ஒப்பந்தத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சி வைத்து எழுத வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தில் இருந்தே வரும் விதி. இங்கே பலர் முத்திரை ஒட்டிய தாளோடு விட்டுவிடுகிறார்கள். எங்களைப் போல வீட்டில் ஒரு கம்பி பூட்டினால் கூட நாளைக்கு அது பிரச்சினையாகலாம், ஆகவே நொத்தாரிசிடம் போவதுதான் பாதுகாப்பு. அன்ரி மறுக்கவில்லை. "எழுதினா எனக்கும் நல்லதுதானே பிள்ளை" என்றார்.

காசு விடயத்தில் தரகர் உண்மையிலேயே உழைத்தார். அன்ரி ஆறு மாத அட்வான்ஸ் கேட்டார், 168,000. இந்த ஊரில் ஆறு மாதம் கேட்பது வழக்கமாகிவிட்டது, ஒரு வருடம் கேட்பவரும் உண்டு. மாத வாடகை கட்டக்கூடிய எத்தனையோ குடும்பம் இந்த அட்வான்ஸிலேயே நின்றுவிடுகிறது. நகை அடகு வைத்துத்தான் வாடகை வீட்டுக்குள் போகிறார்கள். அவர் இரண்டு தரம் போய்ப் பேசி மூன்று மாதமாக்கினார். ஆக அட்வான்ஸ் 84,000, முதல் மாத வாடகை 28,000, கமிஷன் 28,000, கதவுக்கும் கம்பிக்கும் மேசன் கூலியோடு 22,000. எல்லாம் கூட்டினால் 162,000 ரூபா, நொத்தாரிசுச் செலவு வேறு. என் சம்பளத்தில் இரண்டரை மாதம். அம்மாவின் காப்பு அடகில் இருக்கிறது. நடக்கக்கூடிய ஒருவர் இதே வீட்டுக்கு வந்திருந்தால் அந்த 22,000 இல்லை, வேலைக்குப் போய்வர ஓட்டோவும் இல்லை. அரச உதவி ஏதும் உண்டா என்று விசாரித்தேன். எனக்குச் சொன்ன பதில், வீட்டைத் திருத்தும் உதவி சொந்தக் காணி உறுதி உள்ளவர்களுக்குத்தான் என்பது. வாடகைக்கு இருப்பவரின் குளியலறைக் கதவுக்குக் காசு தர யாரும் இல்லை.

வீட்டைப் பற்றியும் ஒரு குறை. கராஜ் தரை தாழ்வு என்பதால் கார்த்திகை மழையில் தண்ணீர் வாசல் வரை ஏறிவிட்டது. வாசலுக்குக் குறுக்கே சின்னக் காண் வெட்டி, மேலே கம்பித் தட்டி போட்டோம். அந்தச் செலவை அன்ரி தானாகவே பாதி ஏற்றார். சில்லு சிக்காமல் போகத் தட்டியின் கம்பிகள் நெருக்கமாக இருக்க வேண்டும், நாங்கள் போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். இப்படிச் செய்ய நினைப்பவர்கள் வெல்டிங் கடையில் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்தத் தரகரிடம் போகலாமா என்று கேட்டால், போகலாம். அவர் காசு விடயத்தில் நேர்மையானவர், அட்வான்ஸ் குறைக்கத் தெரிந்தவர், ஏமாற்ற மாட்டார். ஆனால் வீட்டில் நாற்காலியில் இருப்பவரோ, தடி பிடித்து நடப்பவரோ, டயலிசிஸுக்குப் போய்வரும் அப்பாவோ இருந்தால், வீடு பார்க்கப் புறப்படும் முன் போனிலேயே கேளுங்கள்: வாசலில் எத்தனை படி, குளியலறைக் கதவு எத்தனை அங்குலம், கக்கூஸ் உள்ளேயா வெளியேயா, கொமோட்டா குந்தும் கக்கூஸா. பதில் தெரியாது என்றால் அளந்து சொன்ன பிறகு வருகிறோம் என்று சொல்லுங்கள். கதவையும், குளியலறையையும், வாசலில் இருந்து வீதி வரையான வழியையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் உங்கள் நிலையை முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டாரா என்றும் கேளுங்கள். கமிஷனாக ஒரு மாத வாடகை வாங்கும் தொழிலில் இவ்வளவும் அடங்கும். எனக்கு இதையெல்லாம் அவர் கடைசி வீட்டில்தான் செய்தார்; முதல் வீட்டிலேயே செய்திருந்தால் ஐந்துக்கு ஐந்தே கொடுத்திருப்பேன்.

இப்போது அவர் என்னிடம் சில நேரம் போன் எடுத்து யோசனை கேட்கிறார். கிண்ணியாவில் இருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறதாம். மகனுக்கு மூளைவாதம், வளர்ந்துவிட்டான், உம்மாவால் இனித் தூக்க முடியவில்லை, சிகிச்சைக்காகப் பெரியாஸ்பத்திரிக்குக் கிட்ட வீடு வேண்டும். 20,000 வரைதான் அவர்களால் முடியும். கராஜை மாற்றிய வீடு எங்கெங்கே இருக்கிறது என்று தரகர் இப்போது தனியாகக் குறித்து வைத்திருக்கிறார், ஆனால் முஸ்லிம் குடும்பம் என்றதும் இரண்டு வீட்டுக்காரர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு வீட்டைப் பற்றி நானே அன்ரியைப் பேச வைத்திருக்கிறேன், அவரோடு படிப்பித்த ஒருவருடைய வீடு அது, இன்னும் பதில் வரவில்லை. மடத்தடி, பெருந்தெரு, திருக்கடலூர்ப் பக்கம் படி இல்லாத கீழ் வீடு யாரிடமாவது இருந்தால், குளியலறைக் கதவை அளந்து, உங்களுக்குத் தெரிந்த எந்தத் தரகரிடமாவது சொல்லி வையுங்கள்.